முதல் தொட்டிக்கு எந்த மீன்?

குர்லா மீன் கடையில ஒரு தம்பி, வகைக்கு ஒண்ணா ஆப்பிரிக்க சிக்லிட் கேட்டுட்டு இருந்தான்.
முதல் தொட்டியாம். எங்க ஊர் அம்பர்நாத்துப் பையன்தான்.

மனசு கேக்கல, பேசிட்டேன்.

தம்பி, இதெல்லாம் மலாவி ஏரி மீன். இடத்துக்காக அடிச்சுக்கும்.
அந்த வரி போட்ட ஆராட்டஸ் வேண்டாம், கூட இருக்கிறதைக் கொன்னுடும்.
மஞ்சள் லேப் கொஞ்சம் சாது. அதுலயே ஆரம்பி.
ஆண் ஒண்ணுன்னா பெண் மூணு. நாலடித் தொட்டி, ஒளிய நிறைய கல்லு, பி.எச். 8-ஐ ஒட்டி.
ஆஸ்கார் சேர்க்காதே. அது தென் அமெரிக்கா, தண்ணியே வேற.

நம்ம ஜிலேபி கெண்டையும் சிக்லிட் குடும்பம்தான். 1952-ல இந்தியாவுக்கு வந்து எத்தனை ஏரியைப் பிடிச்சுக்கிச்சு!
வளர்க்க முடியலன்னா குளத்துல விட்டுடாதேன்னும் சொன்னேன்.

உங்க பக்கத்துக் கடைக்காரங்க இதையெல்லாம் சொல்லி விக்கிறாங்களா?