தராசின் முள்

கருவி சரியாக வேலை செய்யாதபோது கருவியைப் பழிப்பது நம்மில் பலர்க்கு இயல்பு. இடியாப்ப உரல் அடைத்துக்கொண்டால் உரலைத் தட்டுகின்றோம். மாவின் பதத்தைப் பார்ப்பதில்லை. தையல் இயந்திரத்தில் நூல் அறுந்தால் நூல் விற்றவனை ஏசுகின்றோம். ஊசியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பழுதை அதற்கு முந்திய படியில் தேடவேண்டும் என்னும் பாடத்தை நாம் கற்றுக்கொண்டது முதுமையில். அதுவும் நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு தொழிற்கூடத்தில்.

2022-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் நம் மகளின் இல்லத்தில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தோம். பகலெல்லாம் மகளும் மருமகனும் அலுவலகத்தில். நமக்கோ பேச்சுத் துணையில்லை. "வாப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர் கார்க் கொட்டகையில் எந்நேரமும் ஏதோ செய்துகொண்டிருக்கிறார். உங்களைப் போல அவருக்கும் பொழுது போகவேண்டும். போய்ப் பேசிக்கொண்டிருங்களேன்" என்றாள் மகள். சென்றோம்.

எண்பதை எட்டிய அந்தப் பெரியவர் தம் ரைபிளுக்கு வேண்டிய தோட்டாக்களைத் தம் கையாலேயே நிரப்பிக்கொண்டிருந்தார். நாம் திடுக்கிட்டோம். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அந்நாட்டிலோ, சொந்தப் பயனுக்காக நிரப்பிக்கொள்ள நடுவண் அரசின் உரிமம் தேவையில்லை. மான் வேட்டைக்குச் செல்வோர் பலர் இதனை ஒரு கைத்தொழில் போலவே பழகி வருகின்றனர். 14 வயதுப் பேரன் அவ்வாண்டு முதன்முறையாகத் தாத்தாவுடன் காட்டுக்குச் செல்லவிருந்தான். தோட்டாக்கள் அவனுக்காகவே.

வேலையின் முறை இது. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடு சற்றே விரிந்திருக்கும். அதனை 'டை' என்னும் எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்வர். அதே அழுத்தத்தில் ஓர் ஊசி, அடியிலுள்ள எரிந்துபோன பிரைமரை, அதாவது தீமூட்டும் சிறு கிண்ணத்தை, வெளியே தள்ளிவிடும். பின்னர்க் கூட்டின் நீளத்தை அளந்து, மிகுந்திருந்தால் வெட்டிக் குறைத்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, இறுதியில் குண்டை வாயில் அமர்த்துவர். அவருடைய ரைபிளுக்குரிய தோட்டா, அமெரிக்கப் படை 1906-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்' வகை. அதன் கூட்டின் நீளம் 63.35 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. வெடிக்கும்போது அதனுள் எழும் அழுத்தத்துக்கு வகுக்கப்பட்ட உச்ச வரம்பு, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அத்தனை அழுத்தமும் சுடுபவனின் கன்னத்துக்கு ஒரு சாண் தொலைவில் எழுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தொழிலில் சிறு பழுது என்று ஒன்று இல்லை என்பது விளங்கும்.

நாம் சென்ற முதல் நாளே ஒரு கூடு டைக்குள் சிக்கிக்கொண்டது. பிரஸ்ஸின் கைப்பிடியை அவர் பலங்கொண்டு இழுக்க, கூட்டின் விளிம்பு பிய்ந்து வந்தது. கூடு உள்ளேயே நின்றுவிட்டது. டை கெட்டுவிட்டது என்றே நாம் எண்ணினோம். பெரியவர் சிரித்தார். "டையின் மேல் குற்றமில்லை. இந்தக் கூட்டுக்கு நான் மசகு தடவ மறந்திருக்கிறேன்" என்றார். பின்னர்க் கூட்டின் அடியில் துளையிட்டு, டேப் கொண்டு மரை வெட்டி, ஒரு திருகாணியை முடுக்க முடுக்க, சிக்கிய கூடு மெல்ல இறங்கி வந்தது.

மறுநாள் அதற்கு நேர்மாறான பழுது. கூடுகளின் தோள்பட்டையில் நகத்தால் அழுத்தியது போன்ற குழிகள் விழுந்தன. முதல் நாள் பட்ட பாட்டினால் மசகை அள்ளிப் பூசிவிட்டார். மிகுந்த எண்ணெய் போக இடமின்றிப் பித்தளையை உள்நோக்கி அழுத்திவிட்டது. டையின் பக்கத்திலிருந்த மயிரிழைத் துளையும் அடைபட்டிருந்தது. அதனைத் துடைத்துத் துளையைக் குத்திவிட்டதும் குழிகள் நின்றன. குறைவுக்கு அஞ்சி மிகையில் விழுவது சமையலறையிலும் நாம் காண்பதுதானே!

இன்னொரு நாள் பிரைமர் தள்ளும் ஊசி ஒடிந்தது. அவர் கூட்டின் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு நம்மிடம் நீட்டினார். அடியில் நடுத்துளை ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் சிறு துளைகள் இரண்டு இருந்தன. எங்கோ பொறுக்கிய அயல்நாட்டுக் கூடு ஒன்று கலந்துவிட்டது. ஒற்றைத் துளை முறை ஆங்கிலேயரான பாக்ஸர் என்பவருடையது. இரட்டைத் துளை முறை அமெரிக்கரான பெர்டன் என்பவருடையது. இரண்டுமே 1860-களில் தோன்றியவை. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. இந்த வேடிக்கையைச் சொல்லிவிட்டு, "ஊசியின் மேல் குற்றமில்லை. கூடுகளைத் தரம் பிரித்தவன்மேல்தான் குற்றம்; அவனும் நானே" என்றார்.

இவ்வாறு ஒரு வாரம் கழிந்தது. மருந்து நிறுக்கும் நாள் வந்தது. அங்குதான் நமக்கும் அத்தொழிலுக்கும் ஓர் உறவு இருக்கக் கண்டோம். மருந்தை அவர்கள் 'கிரெய்ன்' என்னும் அளவால் நிறுக்கின்றனர். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். நம் குன்றிமணி எடையில் ஏறத்தாழப் பாதி எனலாம். காயல்பட்டினத்தார்க்கு மணிக்கல் வாணிகம் புதிதன்று. நாமும் 1971-ஆம் ஆண்டு தொடங்கிக் கொழும்பில் ஒரு கடையில் காரட் தராசு பிடித்தவர்களே. ஒரு காரட் 200 மில்லிகிராம். அஃதாவது மூன்று கிரெய்னுக்குச் சற்று மேல்.

மருந்து அளக்கும் உருளைக் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அவர் பயன்படுத்திய மருந்து நீளக் குச்சிகளாக நறுக்கப்பட்டது. அக்குச்சிகள் குழாயில் குறுக்கே நின்று அடைத்துக்கொண்டால் ஒரு கூட்டில் குறைவாகவும் அடுத்த கூட்டில் மிகையாகவும் விழும். ஆதலால் உருளையிலிருந்து சற்றுக் குறைவாகவே வாங்கி, மீதியைத் தராசுத் தட்டில் துகள் துகளாகச் சேர்த்து எடையை நிறைவு செய்தார். ஆக, தராசே இறுதித் தீர்ப்பாளர்.

அது கோல் தராசு. கோலின் கத்திமுனை அகேட் கல்லின் மேல் அமர்ந்து ஆடுவது. காலையில் வெற்றுத் தட்டை வைத்து முள் சுழியில் நிற்பதைப் பார்த்தார். சோதனை எடைக்கல்லையும் வைத்துப் பார்த்தார். முள் பிழையின்றி நின்றது. பின்னர் வேலையைத் தொடங்கினார். இருபது தோட்டாக்கள் முடிந்தன. கொட்டகையில் குளிர் ஏறவே, காலடியில் இருந்த மின்சாரச் சூடேற்றியின் விசிறியைப் போட்டுக்கொண்டார்.

அதன்பின் ஐந்தாறு தோட்டா ஆனதும் நம் கண் அதைக் கண்டுவிட்டது. தட்டை எடுத்து, வெறுமையாகத் திரும்ப வைக்கும்போது முள் சுழிக்கு வரவில்லை. மயிரிழை தள்ளி நின்று நடுங்கியது. கீழிருந்து எழும் காற்று தட்டைத் தாங்கிப் பிடித்தால், வேண்டிய எடையைவிடக் கூடுதலாக மருந்து விழுந்த பின்னரே முள் நடுவில் நிற்கும். இது நமக்குத் தெரியும். ஆயினும் வாய் திறக்கவில்லை. விருந்தினராய் வந்தவர் வீட்டுக்காரர்க்குத் தொழில் கற்பிப்பதா என்று நாணினோம். அவர் அறுபது ஆண்டு பழகியவர். நாமோ துப்பாக்கியைக் கையால் தொட்டறியாதவர்கள். நாற்பதாவது தோட்டாவும் முடிந்தது.

அப்போது 1974-ஆம் ஆண்டின் ஒரு பிற்பகல் நம் நெஞ்சில் வந்து நின்றது. கணவனை இழந்த ஒரு பெண்மணி நீலக்கல் ஒன்றை விற்க வந்தார். நிறுத்தோம், பணம் வாங்கிச் சென்றார். மாலையில் தராசைத் துடைக்கும்போது, படிக்கல் தட்டின் அடியில் ஒரு மெழுகுத் துணுக்கு ஒட்டியிருக்கக் கண்டோம். அந்தக் கல் கால் காரட் குறைவாக நிறுக்கப்பட்டிருந்தது. காலையில் சுழி பார்த்தோம், பகலில் பார்க்கவில்லை. முதலாளியிடம் சொன்னோம். "போகட்டும், விடு" என்றார். விட்டோம். அப்பெண்மணி எந்தத் தெரு என்றுகூட நமக்குத் தெரியும். ஆனால் நாம் போகவில்லை.

அந்த நினைவு நம்மைப் பேச வைத்தது. "ஐயா, பொறுத்தருளுங்கள். தராசின் சுழியை ஒருமுறை பாருங்கள்" என்றோம்.

அவர் பார்த்தார். விசிறியை நிறுத்தினார்; முள் சுழிக்கு வந்தது. மீண்டும் போட்டார், முள் நகர்ந்தது. "எப்போதிலிருந்து?" என்று கேட்டார். "விசிறி போட்டதிலிருந்து இருக்கலாம். நாம் கண்டு சிறிது நேரமாயிற்று. முன்பே சொல்லியிருக்கவேண்டும்" என்றோம். சினந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ நாற்பது தோட்டாக்களையும் ஒரே தட்டில் சேர்த்துக் கொட்டினார்.

"முதல் இருபதும் நல்லவைதானே?" என்றோம்.

"இருக்கலாம். இருபதா பதினெட்டா என்று எனக்கு உறுதியில்லை. எது நல்லது, எது கெட்டது என்று தெரியாத தோட்டாவைப் பையன் கையில் நான் எப்படிக் கொடுப்பேன்?" என்றார்.

சுத்தியல் போன்ற ஒரு கருவியில் தோட்டாவைப் பொருத்தி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால், குண்டும் மருந்தும் கழன்று அதன் குழிவில் விழுகின்றன. நாற்பதையும் அவ்வாறு பிரித்தோம். அவர் தட்ட, விசிறியில்லாத குளிரில் நாம் மருந்தை நிறுத்தோம். ஆறு தோட்டாக்களில் ஏறத்தாழ அரைக் கிரெய்ன் மிகையாக இருந்தது. பேரனின் தோளுக்காக அவர் குறைந்த அளவையே தேர்ந்திருந்தமையால் அந்த அரைக் கிரெய்ன் தீங்கு செய்திராது. "ஆனால் நூலில் கண்ட உச்ச அளவை ஒட்டி நிரப்பியிருந்தால்?" என்று அவரே கேட்டுக்கொண்டு, மறுமொழி சொல்லாமல் அடுத்த தோட்டாவைத் தட்டினார். இருட்டிய பிறகே வீடு திரும்பினோம். மறுநாள் புதிதாகத் தொடங்கினார். பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை சுழி பார்க்கும் வேலையை நம்மிடம் ஒப்படைத்தார்.

அம்மாநிலத்தில் மான் வேட்டைப் பருவம், நன்றியறிதல் நாளை அடுத்த சனிக்கிழமை தொடங்குகின்றது. விடியுமுன் பாட்டனும் பேரனும் செம்மஞ்சள் மேலாடை அணிந்து புறப்பட்டதைச் சன்னல் வழியே பார்த்திருந்தோம். மாலையில் வெறுங்கையோடு திரும்பினர். பையன் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி குறையவில்லை. மகள் கொடுத்த தேநீரை அருந்திக்கொண்டு அவர்களை வரவேற்றபோது, நமக்கும் ஒரு பாரம் இறங்கியிருந்தது. மற்றொரு பாரம் இறங்கவில்லை. அந்தக் கால் காரட்டுக்குரியவர் இன்று இருக்கின்றாரோ இல்லையோ!

காய்ச்சல் பார்க்கும் கருவி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கடைத் தராசு என்று நம் இல்லங்களிலும் முள்ளும் சுழியும் உள்ளவை பல. காலையில் சரியாக இருந்தது மாலையிலும் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பார்க்க வேண்டும், பழுது கண்டால் நாணாமல் சொல்ல வேண்டும், சொன்னபின் பிரிக்க வேண்டியதைப் பிரிக்க வேண்டும். நாற்பதையும் பிரிக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. நாம் 1974-இல் நடக்காத அந்தத் தெருவுக்கு அரைமணி நேரம்கூட ஆகியிராது.