அழைக்காது விட்ட தோழர்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, கல்லூரி அன்னையின் புகழையோ, எமக்கு அறிவூட்டிய ஆசிரியப் பெருந்தகையரின் சால்பையோ எழுதுதலே முறையென எண்ணினோம். அப்பணியை எம்மினும் தகுதியுடையார் பலர் இம்மலரிற் செவ்வனே செய்திருப்பர். ஆதலின், நாம் ஓர் ஆங்கில இசைத்தட்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். தேவாரமும் கருநாடக இசையும் ஒலித்த மண்டபத்திலே வளர்ந்தோர்க்கு மேனாட்டு றொக் இசையோடு யாது தொடர்பு என வினவுவார், இறுதிவரை பொறுத்திருந்து படிப்பாராக.

மேற்படிப்பின் பொருட்டு நாம் இலண்டன் சேர்ந்தது 1974ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டு மாரிகாலத்து மாலையொன்றில், நாம் தங்கியிருந்த வீட்டின் மேன்மாடியிற் குடியிருந்த ஆங்கில மாணவர் ஒருவர் எம் கதவைத் தட்டி, தாம் புதிதாக வாங்கிய இசைத்தட்டைக் கேட்க வருமாறு அழைத்தார். அது, பிங்க் புளொய்ட் குழுவினர் 1975 செப்ரெம்பரில் வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' என்பது. நீ இங்கிருந்தால் எவ்வளவு நன்று என்னும் ஏக்கமே அதன் பெயர். அத்தட்டு கருநிறப் பிளாஸ்ரிக் உறையால் முற்றாக மூடப்பட்டிருந்தது. இயந்திரக் கைகளிரண்டு ஒன்றையொன்று பற்றிக் குலுக்கும் படம் பொறித்த ஒட்டுத்தாளன்றி வெளியே வேறொரு காட்சியும் இல்லை. நண்பர் சவர அலகினால் ஓரத்தை மட்டும் மெல்லக் கீறித் தட்டை உருவினார். உறையைக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. உள்ளட்டையிலே இருவர் கைகுலுக்கி நின்றனர். அவருள் ஒருவர் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தார். கலிபோர்ணியாவிலுள்ள படப்பிடிப்புத் தளமொன்றிற் சாகசக் கலைஞர் ஒருவருக்கு மெய்யாகவே தீமூட்டி எடுத்த படம் அது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

தட்டு சுழலத் தொடங்கியது. நெடுநேரம் எவரும் பாடவில்லை. முதற் பாடலில் மனிதக் குரல் எழுமுன் எட்டு நிமிடங்களுக்கு மேற் கழிந்துவிடுகின்றன. உடனிருந்த ஆங்கிலேயர் இருவர் பொறுமையிழந்தனர். எமக்கோ அது புதுமையாகத் தோன்றவில்லை. கோயில் வீதியில் விடியவிடிய நாதசுரம் கேட்டு வளர்ந்த செவி, பாட்டின் முன்னே இராகம் விரிவதைக் காத்திருந்து கேட்கப் பழகியதன்றோ! றிச்சட் றைற்றின் விசைப்பலகையில் எழும் நீண்ட ஒலி பனிப்புகார்போற் பரவுகின்றது. மதுக்கிண்ணங்களின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்து எழுப்பிய மெல்லொலியும் அதனுள் விரவியுள்ளது. பின்னர், டேவிட் கில்மோரின் கிற்றாரிலிருந்து நான்கே நான்கு சுரங்கள் தனித்து விழுகின்றன. அந்நான்கு சுரங்களைக் கேட்டே றோஜர் வோட்டேர்ஸ் இப்பாடலை எழுதத் தலைப்பட்டாராம். ஒன்பது பகுதிகளையுடைய இப்பெரும் பாடல் இரண்டாகப் பிளக்கப்பட்டு, தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வைக்கப்பட்டுள்ளது. இடையே மூன்று பாடல்கள். ஆக ஐந்தே பாடல்கள். முழுவதும் கேட்க 44 நிமிடங்கள்.

இத்தட்டு யாரை எண்ணி ஏங்குகின்றது என்பதை அந்த ஆங்கில நண்பரே எமக்குக் கூறினார். கேம்பிரிட்ஜ் நகரத்துப் பாடசாலையொன்றிற் பயின்றவர்கள் றோஜர் வோட்டேர்ஸும் சிட் பரெற்றும். கில்மோரும் அந்நகரத்தவரே, பரெற்றின் இளமைக்காலத் தோழர். குழுவுக்குப் பெயரிட்டவரும், அதன் முதற் பாடல்களை ஆக்கியவரும், அதற்கு ஒளியாய் இருந்தவரும் பரெற். 1967இற் புகழ் வந்து சேர்ந்த வேளையிலேயே அவருடைய உளநிலை குலையத் தொடங்கியது. போதைப்பொருட் பழக்கமும் அதற்குத் துணைபோயிற்று. மேடையில் வாசியாது வெறித்து நிற்பார். 1968 ஜனவரியில் ஒருநாள், இசை நிகழ்ச்சிக்குப் புறப்பட்ட தோழர்கள் வழமைபோல் அவரை வீட்டிற் சென்று ஏற்றிக்கொள்ளவில்லை. சண்டை இல்லை, விடைபெறுதலும் இல்லை. வண்டி அவ்வழியே திரும்பவில்லை, அவ்வளவே.

1975 ஜூனில், இலண்டன் ஏபி றோட் ஒலிப்பதிவுக்கூடத்திலே அவரைப் பற்றிய இப்பாடலைச் செப்பஞ்செய்துகொண்டிருந்த வேளை, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதரொருவர் உள்ளே வந்து நின்றார். அவரே பரெற் என்பதை உணரத் தோழர்க்கு நெடுநேரம் சென்றது, உணர்ந்ததும் கண்கலங்கினர்.

இக்கதையைக் கேட்டபோது எம் நெஞ்சிற் சுருக்கென்றது. ஏனெனிற் கூறுவோம்.

எம் வகுப்பில் நால்வர் நாள்தோறும் சைக்கிளில் ஒன்றாகக் கல்லூரிக்கு வருவோம். நான்காமவரின் வீடு ஒழுங்கையின் கோடியில் இருந்தது. படலையடியில் நின்று மணியை இருமுறை அடித்தால் அவர் வெளியே வருவார். அவர் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியும், தந்தையாரின் பழைய ஆர்மோனியமும் இருந்தன. வானொலியில் எப்பாட்டு ஒலித்தாலும், அது தமிழாயினும் ஆங்கிலமாயினும், அதனோடு சேர்ந்து வாசித்துவிடுவார். இசையைச் செவிகொடுத்துக் கேட்கும் வித்தையை எமக்குப் பயிற்றியவர் அவரே. 1969இல், புகுமுகத் தேர்வு நெருங்கிய காலத்தில் அவருக்கு ஏதோ நேர்ந்தது. வகுப்பில் ஒரே இடத்தைப் பார்த்தபடி இருப்பார். கேட்ட கேள்விக்கு மறுநாள் விடை சொல்வார். மாணவர் சிலர் நகைத்தனர். நாம் நகைத்தோமல்லோம்; ஆயினும் அவரோடு வருவதற்கு நாணினோம். ஒருநாட் காலை நாம் மூவரும் அவ்வொழுங்கையிற் திரும்பாது நேரே சென்றோம். அவ்வாறு செய்வதென எவரும் எவரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. அவர் எத்தனை நாள் படலையடியில் மணியோசைக்குக் காத்திருந்தார் என்பதை நாம் அறியோம்.

தட்டின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நான்காம் பாடல் எவ்வாறு தொடங்குகின்றது தெரியுமா? யாரோ வானொலியைத் திருப்புகின்றார், நிலையங்கள் மாறுகின்றன, எங்கோ தொலைவிற் போன்று மெலிந்த கிற்றார் ஒலி கேட்கின்றது. சற்றுப் பொறுத்து, வானொலியின் அருகே இருப்பவர்போல் ஒருவர் இருமி, தம் கிற்றாரை எடுத்து அதனோடு சேர்ந்து வாசிக்கின்றார். தனியறையில், வானொலியையே துணையாகக் கொண்ட ஒருவர்! அன்றிரவு அவ்வறையை விட்டு எழுந்து வெளியே சென்றோம். குளிர் என்று காரணங் கூறினோம்.

1979இல் விடுமுறையில் ஊர் சென்றபோது அவ்வொழுங்கையிற் திரும்பினோம். பத்து ஆண்டுகள் பிந்திய திருப்பம். படலை பூட்டியிருந்தது. குடும்பத்தார் வீட்டை விற்று வேறிடம் சென்றனர் என்றார் அயலவர், எவ்விடமென அறிந்தாரில்லை.

2025இல் இத்தட்டுக்கு 50 ஆண்டுகள் நிறைந்தன. அதனை முன்னிட்டு, இலண்டனில் வாழும் பழைய மாணவர் சிலர் ஒரு வீட்டிற் கூடி அதனை முழுவதும் கேட்டோம். கருத்துகள் பலவாயின. ஒருவர், 1973இல் வெளிவந்த 'த டார்க் சைட் ஒவ் த மூன்' இதனினும் சிறந்தது என்றார். மற்றொருவர், இசை வணிகரைச் சாடும் இடைப்பாடல்கள் இரண்டும் செல்வரின் முறைப்பாடே என்றார். இன்னொருவரின் வினாவே எம்மைத் தைத்தது: "கைவிட்டவர்களே அழுது பாடி, அதனை விற்றுப் பொருளும் ஈட்டலாமோ?"

விடை எளிதன்று. ஆயினும் நீதி நோக்கி ஒன்று கூறவேண்டும். பரெற் தனித்துப் பாடி 1970இல் வெளியிட்ட தட்டை முடித்துக்கொடுக்க வோட்டேர்ஸும் கில்மோரும் உடனுழைத்தனர். 2006இல் அவர் கேம்பிரிட்ஜில் மறைந்தார். அதுவரை அவருடைய பாடல்களுக்குரிய பணம் அவரைச் சென்றடையக் கில்மோர் கவனமெடுத்தார் என்பர். தாம் விட்டுச் சென்றதை அவர்கள் மறைத்தாரல்லர். அதனை உலகறியப் பாடினர். நாமோ அரை நூற்றாண்டு வாய்திறந்திலோம். நால்வரில் ஒருவர் இன்றில்லை. எஞ்சிய மற்றவர் அன்று எம் அருகிலேயே இருந்தார்; இடைப்பாட்டில் வானொலி கரகரத்தபோது எம் முகத்தை ஒருகணம் நோக்கிப் பின் நிலத்தை நோக்கினார். அவரும் மறக்கவில்லை.

ஆதலினாலேயே இதனை இம்மலரில் எழுதினோம். அவர் பெயரை ஈண்டுக் குறித்தல் முறையன்று. எம் வகுப்பார் அறிவர். இதனைப் படிப்போருள் எவரேனும் அவர் இருப்பிடம் அறிந்திருப்பின், மலர்க்குழுவினருக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். இன்று பயிலும் இளைய மாணவர்க்கு அறிவுரை கூறும் தகுதி எமக்கில்லை. நாளைக் காலையும் அந்தப் படலையடியில் நின்று மணியை அடியுங்கள். அவர் வரப் பிந்தினாற் பொறுத்திருங்கள்.