பத்தடித் தொலைவு

சென்னையிலிருந்து மேற்கே பூந்தமல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் குமணன்சாவடி. மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் செல்லும் சாலை அங்கேதான் பிரிகிறது. வண்டிகளின் ஓசையும் கடைவீதியின் ஆரவாரமும் ஓயாத ஊர் அது. ஆயினும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதி பண்டுதொட்டே ஏரிகளால் வளம் பெற்றது. சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் செம்பரம்பாக்கம் ஏரி தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பரந்து கிடக்கிறது. அதனினும் சிறிய ஏரிகளும் குளங்களும் அவ்வட்டாரத்தில் பல உண்டு. நீர் நிறைந்த காலத்தில், விடுமுறை நாளின் விடியற்பொழுதில், அவற்றின் கரைகளில் தூண்டிற்கோல் ஏந்தியோர் சிலரைக் காணலாம்.

அத்தகைய சிற்றேரி ஒன்றின் கரைக்குத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தாத்தாவும் பேரனும் வந்தனர். தாத்தா குமணன்சாவடியில் நாற்பது ஆண்டுகள் தச்சுத் தொழில் செய்து ஓய்ந்தவர். பேரன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். மீன் குத்தகை எடுத்தவரிடம் இருவரும் முன்னரே இசைவு பெற்றிருந்தனர்.

பேரனின் கையில் புதிய கோல் ஒன்று மின்னியது. ஓராண்டாக உண்டியலில் சேர்த்த பணத்தைக் கொண்டு அதனை வாங்கியிருந்தான். கடையில் இருந்தவற்றுள் அதுவே நெடியது. 12 அடி நீளம் உடையது. 'கோல் நீண்டால் வீச்சும் நீளும்' என்பது அவன் துணிபு. தாத்தாவிடம் இருந்ததோ 8 அடி நீளமுள்ள பழைய கண்ணாடியிழைக் கோல்.

கரைக்கு அப்பால், நீரின் நடுவே, பட்டுப்போன கருவேலமரம் ஒன்று பாதி மூழ்கி நின்றது. அதன் அடியில் சிலேபிக் கெண்டைகள் துள்ளி விளையாடின. பேரன் முள்ளில் மாவு உருண்டையைச் செருகினான். கோலைத் தோளுக்குப் பின்னே சாய்த்து, முழு வலிமையுடன் வீசினான். ஈயக்குண்டு மரத்துக்குப் பத்தடி இப்பால் வீழ்ந்தது. மீண்டும் வீசினான், அப்போதும் அப்படியே. பற்களைக் கடித்துக்கொண்டு மும்முறை, நான்முறை வீசினான். வலிமையைக் கூட்டக் கூட்டத் தொலைவு குறைந்ததேயன்றிக் கூடவில்லை.

அவன் கோலைக் கரையில் வைத்தான். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டான். "பத்தடிதானே, தாத்தா! சற்றே உள்ளே இறங்கி நின்று வீசினால் எட்டிவிடும்" என்று கூறியவாறே நீருள் கால் வைத்தான்.

மறுகணம் முதியவரின் கை அவன் தோளை இறுகப் பற்றியது. அந்தக் கை நடுங்கியதைப் பேரன் உணர்ந்தான்.

"மேலே வா, கண்ணா" என்றார் தாத்தா. அவன் கரையேறிய பின்னரே அவர் பேசினார். "உன் வயதில் எனக்கு ஒரு தோழன் இருந்தான். இருவரும் மூங்கிற்கோலோடு ஏரிக்குப் போவோம். ஒருநாள் அவனும் இப்படித்தான், பத்தடி எட்டவில்லை என்று இறங்கினான். முழங்கால் அளவு நீர்தான். அடுத்த அடியில் செங்கற்சூளைக்கு மண் எடுத்த பள்ளம். நீர் நிறைந்துவிட்டால் பள்ளம் எது, தரை எது என்று யாருக்குத் தெரியும்? நான் கூவினேன். ஊரார் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது."

பேரன் வாயடைத்து நின்றான். நெடுநேரம் கழித்து, "அப்படியென்றால் அந்தப் பத்தடியை எப்படித் தாத்தா எட்டுவது?" என்று மெல்லக் கேட்டான்.

"அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நீ கையால் எறிகிறாய், எறிய வேண்டியது கோல்" என்றார் முதியவர்.

அவர் கூறியதன் பொருள் யாது? குறுந்தொகையின் 54-ஆம் பாட்டு அதனை விளக்கப் போதுமானது. அதனைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. பாட்டில் அமைந்த உவமையால் அவர் மீனெறி தூண்டிலார் என்றே பெயர் பெற்றார். தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய காட்டுயானை, தான் வளைத்த பசிய மூங்கிலைக் கைவிடுகிறது. அம்மூங்கில் விசையோடு மேலெழும் காட்சிக்கு மீன்பிடிக்கும் தூண்டிற்கோலை அப்புலவர் உவமையாக்கினார். வளைந்த கோலுள் ஆற்றல் அடங்கியிருக்கும். விட்டவுடன் அவ்வாற்றல் வெளிப்படும். இவ்வுண்மையை அவர் கண் கூர்ந்து கண்டிருந்தது. வில்லின் இயல்பும் இதுவே. அம்பைத் தள்ளுவது வீரனின் கை அன்று. வளைந்து நிமிரும் வில்லே ஆகும். தூண்டிற்கோலும் வளைந்து நிமிர்ந்தால்தான் ஈயக்குண்டு தொலைவுக்குப் பறக்கும்.

"நான் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறேன், தாத்தா. இரு கோல்களும் ஒரே நேரத்தில் ஒரே கோணம் திரும்பினால், 8 அடிக் கோலைவிட 12 அடிக் கோலின் நுனி ஒன்றரை மடங்கு விரைவாகச் செல்லும். பின் ஏன் என் வீச்சு குறைகிறது?" என்று பேரன் வினவினான்.

"உன் கணக்கு சரி. ஆனால், ஒரே நேரத்தில் திருப்ப உன் கை இடம் தரவேண்டும் அல்லவா? நெடிய கோல் கனமானது. காற்றும் அதனை மிகுதியாகத் தடுக்கும். உன் கோலின் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் படி" என்றார் தாத்தா.

அங்கே 40 முதல் 80 கிராம் வரை என்று குறித்திருந்தது. கடற்கரையில் நின்று, கனத்த ஈயத்தை அலைகளுக்கு அப்பால் வீசுவதற்கென்று செய்யப்பட்ட கோல் அது. பேரன் அதில் கட்டியிருந்ததோ 10 கிராம் ஈயக்குண்டு. அவ்வளவு சிறிய எடை அந்தப் பருங்கோலைச் சிறிதும் வளைக்கவில்லை. வளையாத கோல் எதனை எறியும்? தாத்தாவின் கோலோ 10 முதல் 30 கிராம் வரை எறிவதற்கு உரியது. எடைக்கு ஏற்ற கோல் வேண்டும். கோலுக்கு ஏற்ற எடை வேண்டும். குறித்த அளவைவிட எடை மிகுந்தால் கோல் முறியவும் கூடும்.

முற்காலத்து மூங்கிற்கோலில் இவ்வளவு சிக்கல் இல்லை. நூலை நுனியில் கட்டிவிடுவர். கோலின் நீளமும் நூலின் நீளமும் கூடிய தொலைவே அதன் எல்லை. நூலைச் சுற்றிவைக்கும் உருளை பொருத்தப்பட்ட பின்னரே அவ்வெல்லை விரிந்தது. அதிலும் உருளை சுழன்று நூலை விடும்போது, அதன் சுழற்சி வீச்சுக்குத் தடையாகும். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரில் நூற்பாலை நடத்திய இல்லிங்வொர்த் என்பவர், ஆலைக் கண்டிலிருந்து நூல் கழன்று வருவதைக் கண்டு, தாம் சுழலாமலே நூலைத் தன் விளிம்பு வழியாக விடும் உருளையை அமைத்து, 1905-இல் காப்புரிமை பெற்றார். 1935-இல் நைலான் கண்டுபிடிக்கப்பட்ட பின், மெல்லியதும் வலியதுமான நரம்பு தூண்டிலுக்குக் கிடைத்தது. கோலும் மாறியது. நம் நாட்டுக் கல்மூங்கில் ஒரு காலத்தில் கல்கத்தா மூங்கில் என்னும் பெயரோடு மேலை நாடுகளுக்குச் சென்று தூண்டிற்கோலாயிற்று. பின்னர்க் கண்ணாடியிழையும், அதன் பின்னர்க் கரிமயிழையும் வந்தன. கருவிகள் மாறினும் வளைந்து நிமிரும் விதி மாறவில்லை.

தாத்தா பேரனின் உருளையைத் திருப்பிப் பார்த்தார். அதில் நரம்பு பாதியளவே சுற்றப்பட்டிருந்தது. "பணம் போதவில்லை, தாத்தா" என்றான் பேரன். "அதுவும் ஒரு குறைதான். நரம்பு விளிம்பை ஒட்டி நிறைந்திருந்தால் தடையின்றிக் கழலும். குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றும் விளிம்பில் உராய்ந்து வேகம் இழக்கும். நரம்பு தடித்திருந்தாலும் காற்று பிடித்து இழுக்கும்" என்றார் அவர்.

பின்னர்த் தம் கோலில் 20 கிராம் ஈயத்தைக் கட்டிப் பேரனிடம் அளித்தார். "முதலில் பின்னால் திரும்பிப் பார். உனக்குப் பின்னே யாரும் நிற்கக்கூடாது. முள்ளுக்குக் கண் தெரியாது. ஈயம் நுனியிலிருந்து இரண்டடி தொங்கட்டும். நரம்பைச் சுட்டுவிரலால் பிடித்துக்கொள். மேற்கை முன்னே தள்ளட்டும். கீழ்க்கை உன் மார்பை நோக்கி இழுக்கட்டும். தொடக்கத்தில் மெதுவாகவும் முடிவில் விரைவாகவும் வீசிச் சட்டென்று நிறுத்து. கோல் தலைக்கு மேலே கடந்து முன்னே சாயும்போது விரலை எடு. முந்தினால் வானுக்குப் போகும். பிந்தினால் காலடியில் விழும்."

முதல் வீச்சில் ஈயம் உயரப் பறந்து அருகிலேயே வீழ்ந்தது. இரண்டாம் வீச்சில் கரையோரத்து நீரை அறைந்தது. பேரன் முகம் வாடினான். "அவசரம் வேண்டாம். பலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்" என்றார் தாத்தா. மூன்றாம் முறை அவன் கோலின் வளைவை உணர்ந்தான்; விரலை எடுத்தான். நரம்பு சீறிக்கொண்டு ஓடியது. ஈயம் கருவேலமரத்தைத் தாண்டி வீழ்ந்து வட்ட அலைகளை எழுப்பியது. நெடிய கோல் எட்டாத இடத்தைக் குறுகிய கோல் எட்டிக் கடந்தது!

அன்று இரு கெண்டைகளே கிடைத்தன. ஆயினும் பேரன் அவற்றைப் பற்றி மிகுதியாகப் பேசவில்லை. வெயில் ஏறியதும், அறுந்து கிடந்த நரம்புத் துண்டுகளை இருவரும் பொறுக்கிப் பையில் இட்டனர். அவை கொக்குகளின் காலில் சிக்கிக்கொள்ளும் என்பதைத் தாத்தா அறிவார்.

புறப்படுமுன் முதியவர் நீரைச் சிறிது நேரம் நோக்கி நின்றார். பேரன் அவர் கையைப் பற்றிக்கொண்டான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் நெஞ்சில் கிடந்த அந்தப் பத்தடித் தொலைவை, அன்று அவர் பேரன் கரையில் நின்றவாறே கடந்திருந்தான். எட்டாததை எட்டுவதற்கு ஆழத்தில் இறங்கத் துணிவது வீரம் அன்று. ஏற்ற கருவியைத் தேர்ந்து, அதன் இயல்பை அறிந்து, விடவேண்டிய நொடியில் விடுவதே திறம் ஆகும்.