உலகமுடிவுக்கு ஓர் ஆயத்தம்

மலையுச்சியில் கூடாரமிட்டு ஓரிரவு தங்கவேண்டும் என்பது எம் இல்லத்துப் பிள்ளைகளின் நெடுநாள் ஆசை. 2018 பெப்ரவரியில் அதற்கு நாள் குறித்தோம். இடம், நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹோட்டன் சமவெளி.

கடல்மட்டத்திற்கு மேல் 2100 மீற்றருக்கும் அதிக உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளியும் முகிற்காடுமே இச்சமவெளி. 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்த ஹோட்டன் பெருமகனாரின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். சிங்கள மக்கள் மகா எலிய என்பர். 1988இல் இது தேசிய வனமாயிற்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கின்றது. அப்புல்லின் மீது கால் வைக்காது பாதை வழியே நடக்கவேண்டும் என்று காவலர் கண்டிப்பதன் காரணத்தை இதை அறிந்தபின்னரே நான் உணர்ந்தேன்.

ஆயத்தங்களை என் மூத்த அண்ணரே பொறுப்பேற்றார். கூடாரமிட வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே இடம் பதிந்தார். பொலித்தீன் உறைகளை வாயிலிற் களைந்துவிடுவர் என்பதால் உணவுகள் யாவும் கடதாசியிலும் வாழையிலையிலும் பொதியப்பட்டன. பொலித்தீனை உண்டு மரைகள் மடிந்ததுண்டு; ஆதலால் இதில் முணுமுணுக்க நியாயமில்லை. அண்ணியார் மட்டும் இடியப்பம் காய்ந்துவிடுமென்று கவலைப்பட்டார். அது காயத்தான் செய்தது!

இடர் வேறிடத்தில் எழுந்தது. எம் இளைய மகனுக்கு இழுப்பு நோய் உண்டு. பெப்ரவரி மாத விடியலில் அப்புற்களின் மீது உறைபனி படிவதுண்டு. "பிள்ளையைப் பனியிற் கிடத்த விடமாட்டேன்" என்றாள் என் மனையாள். "கம்பளி போர்த்தினாற் போதும், தம்பி, பயந்து பயந்து வளர்க்காதே" என்றார் அண்ணர். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. மருத்துவரோ, நடக்கலாம், மருந்து கையில் இருக்கட்டும், இரவுக் குளிர் மட்டும் வேண்டாம் என்றார். எனவே அண்ணர் பிள்ளைகள் கூடாரத்திலும், நாங்கள் நுவரெலியா விடுதியிலும் தங்குவதென முடிவாயிற்று. அன்றிரவு மகன் என்னுடன் பேசவில்லை.

வைகறையிற் புறப்பட்டு, வாயில் திறந்ததும் உள்ளே சென்றோம். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். குடும்பமாகச் செல்லும் அன்பர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: காலை ஒன்பது, பத்து மணியளவில் முகில் ஏறிப் பள்ளத்தை மூடிவிடும். அதற்குள் உலகமுடிவை அடையாவிடில் வெண்மையைத் தவிர வேறொன்றும் காணக் கிடையாது.

பாதி வழியில் மகனுக்கு மூச்சு வாங்கியது. மற்றவர்களை முன்னே அனுப்பிவிட்டு, அவனுடன் ஒரு பாறையில் அமர்ந்தேன். மருந்தை உள்ளிழுத்தான். அண்மையில் ஒரு மரை மேய்ந்துகொண்டிருந்தது. அரைமணி நேரம் அதனையே பார்த்திருந்தோம். உலகமுடிவு தவறிப்போகும் என்று அவனும் அறிவான், நானும் அறிவேன்.

நாங்கள் சென்றடைந்தபோது, ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம் முகிலால் நிறைந்திருந்தது. கீழேயுள்ள தேயிலைத் தோட்டங்களைக் கண்ட கதையை அண்ணர் பிள்ளைகள் ஆரவாரமாய்ச் சொன்னார்கள். இவனோ மரையின் கதையை விடவில்லை.

திரும்பும் வழியில், "அப்பா, அடுத்த முறை கூடாரத்தில் நானும் படுப்பேன்தானே?" என்று கேட்டான்.

"அம்மாவைக் கேள்" என்றேன்.

அவள் மறுமொழி கூறாது, அவன் கழுத்துக் கம்பளியை இறுக்கிக் கட்டினாள். அண்ணர் சிரித்துக்கொண்டே முன்னே நடந்தார்.