வீட்டைப் பெருக்கி வைத்தால் போதுமா?



லெந்து நாட்கள் ஆரம்பித்துவிட்டன. நம் வீடுகளில் சிலர் கறி மீனை விட்டிருப்பீர்கள். சிலர் காபியை விட்டிருப்பீர்கள். சிலர் இந்த முகநூலையே நாற்பது நாளைக்கு விட்டிருப்பீர்கள் (அவர்கள் இதை ஈஸ்டர் முடிந்துதான் வாசிப்பார்கள்!). எல்லாம் நல்லதே. ஆனால் ஈஸ்டர் அன்று மத்தியானம், பிரியாணியோடு சேர்ந்து பழையது எல்லாம் திரும்பி வந்துவிடுவதையும் வருஷாவருஷம் பார்க்கிறோம். அதனால் இந்த முறை ஆசைகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைத்தேன். நீளமாக இருக்கும். டீச்சர் எழுதினால் அப்படித்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"இச்சை" என்று ஆலயத்தில் பிரசங்கம் வந்தால் வாலிபப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து அவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். வேதம் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. பத்தாவது கற்பனையை எடுத்துப் பாருங்கள். அயலானுடைய வீடு, மனைவி, வேலைக்காரர், மாடு, கழுதை என்று வரிசையாக வருகிறது. கொலையையும் களவையும் ஊர் பார்த்துவிடும். இந்தப் பத்தாவதை மட்டும் எந்தப் போலீஸ்காரராலும் பிடிக்க முடியாது. ஆளைப் பார்த்தால் சாந்தமாக இருப்பார், மனசுக்குள் பக்கத்து வீட்டு மாடி ஏறிக்கொண்டிருக்கும்.

வகுப்பில் வினைச்சொல் நடத்தியது நினைவிருக்கிறதா? யோசுவா 7-ஆம் அதிகாரத்தில் ஆகான் தன் குற்றத்தைச் சொல்லும் இடத்தை வினைச்சொற்களுக்காகவே ஒருமுறை வாசியுங்கள். எரிகோவின் கொள்ளையில் ஒரு பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் எடையுள்ள ஒரு பொன் பாளம். முதலில் பார்த்தான், பிறகு ஆசைப்பட்டான், எடுத்தான், கடைசியில் கூடாரத்துக்குள் தோண்டிப் புதைத்தான். நான்கு வினை. ஏதேனில் ஏவாள் பழத்தைப் பார்த்ததும் இதே வரிசைதான். யுத்தத்துக்குப் போக வேண்டிய காலத்தில் வீட்டில் தங்கி, சாயங்காலம் மாடியில் உலாவிய தாவீதுக்கும் இதே வரிசைதான். நாம் பெரும்பாலும் மூன்றாவது வினையில் வந்து நின்று "ஆண்டவரே, என்னைத் தடுத்தருளும்" என்று கெஞ்சுகிறோம். தடுக்க வேண்டிய இடம் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகானைப் பாருங்கள், திருடின அந்தச் சால்வையை அவன் ஒருநாள்கூடப் போட்டுக்கொண்டு வெளியே நடக்கவில்லை.

வயதானவர்களுக்கு ஆகாப் ராஜாவின் கதை. தேசமே அவனுடையது. ஆனால் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம் இருந்தது. அது கீரைக்கொல்லை போடத் தனக்கு வேண்டும் என்றான். நாபோத் பிதாக்களின் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்றதும், ராஜா கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துச் சாப்பிடாமல் கிடந்தான். வாசிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் நம் குடும்பங்களில் ஒன்றரை சென்ட் பாகத்துக்காக, அம்மா போட்டிருந்த ஒரு ஜோடி வளையலுக்காக, கூடப் பிறந்தவர்கள் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு ஒருவர் போகாமல் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியாது? சேகரத் தேர்தல் வந்தால் முன்வரிசை நாற்காலிக்காக நடப்பதும் இதே இச்சைதான். தலை நரைத்தால் இச்சை நரைத்துவிடாது, வேறு வேஷ்டி கட்டிக்கொண்டு வரும். மாம்சத்தின் சோதனை குறைகிற வயதில் புகழ்ச்சி ஆசையும் புறங்கூறும் ஆசையும் வளர்கின்றன. இதை எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், எந்த வருஷத்துப் பையன் என்று யாரும் தேட வேண்டாம்.

போன அக்டோபரில் இரவு பதினொரு மணிக்கு ஒரு பழைய மாணவன் போன் பண்ணினான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "டீச்சர், தூங்கிட்டீங்களா? ஒண்ணு கேக்கணும். நான் இரட்சிக்கப்பட்டவன்தானா?" என்றான். அந்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவனுக்கு உடனே வசனம் சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. "சொல்லுப்பா, முழுசாச் சொல்லு" என்றேன். இரண்டு வருஷமாக ஆன்லைன் ரம்மி. சம்பளம் போயிற்று. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று, அவளுக்குச் சொன்னது வேறு காரணம். நான்கு முறை போனிலிருந்து அதை அழித்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் முழங்காலில் நின்று அழுதுவிட்டுத்தான் அழித்தான். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியபோது, "கர்த்தரே கதவை அடைத்துவிட்டார்" என்று சாட்சி சொல்லாத குறையாகச் சந்தோஷப்பட்டானாம். ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு யாரோ பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்பதைக் காட்டிக்கொடுத்தார்கள். சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் அதில் இறங்கும் சாதாரண ஜனங்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நஷ்டம் என்று செபி 2024-லேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறது. பழைய ஆசை புது வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

இயேசு சொன்ன ஓர் உவமை இருக்கிறது, மத்தேயு 12-இல். வீட்டை விட்டுப் போன அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கிச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் காலியாக இருக்கிறது. தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. அந்தப் பையன் செய்ததும், லெந்து நாட்களில் நாம் பலரும் செய்வதும் இதுதான். பெருக்குகிறோம். குடியேற ஆள் வைப்பதில்லை.

பவுல் எபேசியருக்கு எழுதும்போது திருடனுக்கு "திருடாதே" என்பதோடு நிறுத்தவில்லை. கைகளால் வேலை செய், கஷ்டப்படுகிறவனுக்குக் கொடுக்கும்படி சம்பாதி என்கிறார். எடுத்துப் பழகின கைக்குக் கொடுக்கிற வேலை. சகேயுவும் அப்படித்தான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கினதற்கு நாலத்தனை. பண ஆசை போன இடத்தில் கொடுக்கிற சந்தோஷம் குடிவந்துவிட்டது.

அன்றைக்கு அவனிடம் நான் சொன்னதையும், பிறகு எங்கள் வீட்டு சாரும் நானும் அவனோடு சேர்ந்து செய்ததையும் உங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, சோதனை வருவதே பாவம் அல்ல. நம் ஆண்டவருக்கே வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசத்துக்குப் பின் வந்தது. அவர் மூன்று முறையும் உபாகமத்திலிருந்துதான் பதில் சொன்னார். கையில் சுருள் இருந்ததாக எழுதவில்லை. மனசில் இருந்தது. பதினாறாம் வாய்ப்பாட்டை நான் ஏன் அடித்து அடித்துப் படிக்கவைத்தேன் என்று இப்போதாவது புரிகிறதா? கடையில் கணக்குப் பார்க்கும்போது வாய்ப்பாட்டுப் புத்தகத்தைத் தேட நேரம் இருக்காது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லவைத்ததும் அதற்குத்தான். ஆனாலும் தோற்றுவிட்ட பிறகு "சோதனைதானே வந்தது" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு.

இரண்டாவது, எதோடு நின்று போராடுவது, எதை விட்டு ஓடுவது என்று தெரிய வேண்டும். பிசாசுக்கு எதிர்த்து நிற்கச் சொல்கிறார் யாக்கோபு. ஆனால் பாலியத்துக்குரிய இச்சைகளை விட்டு ஓடச் சொல்லித்தான் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் பவுல். போத்திபார் வீட்டில் யோசேப்பு நாள்தோறும் வாயால் மறுத்தான். கடைசியில் வஸ்திரத்தையே விட்டுவிட்டு ஓடினான். போனைக் கையில் வைத்துக்கொண்டு "ஆண்டவரே, பெலன் தாரும்" என்று ஜெபிப்பவனுக்கு நான் சொல்வது: முதலில் போனைக் கீழே வை. அவன் சம்பளக் கணக்கை மனைவி கையில் கொடுத்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவன் கையில் பட்டன் போன்தான்.

மூன்றாவது, உடம்பைக் கவனிக்க வேண்டும். எலியா சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். பசி, தூக்கமின்மை, தனிமை, கோபம் ஆகிய இந்த நேரங்களில்தான் நாம் விழுகிறோம். உங்கள் விழுகிற நேரம் எது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். குடி, சூதாட்டம் போன்றவை அடிமைத்தனமாகிவிட்டால் டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல. அரசாங்கத்தின் டெலி மனஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். ஜெபமும் பண்ணுங்கள், போனும் பண்ணுங்கள்.

நான்காவது, மறைக்காதீர்கள். ஆகானின் நான்காவது வினையை நினைத்துக்கொள்ளுங்கள். புதைத்துவைத்த பாவம்தான் வேர் விடும். எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஊர் வாய் நமக்குத் தெரியும். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அந்தப் பையன் முதலில் மனைவியிடம் சொன்னான். அந்த வாரம் அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. அவள் எங்களோடும் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் சாருக்கு அவனிடமிருந்து ஒரே வரிச் செய்தி வரும். வராவிட்டால் சார் கூப்பிடுவார்.

முழு வெற்றி என்று சொல்லி முடித்தால் அது பொய்ச் சாட்சி. ஜனவரியில் அவன் மறுபடியும் விழுந்தான். ஐயாயிரம் ரூபாய். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முன்பு இரண்டு வருஷம் மறைத்தவன், இந்த முறை மறுநாள் காலை ஆறு மணிக்கே தானாகக் கூப்பிட்டுச் சொன்னான். பேதுருவும் விழுந்தான், யூதாஸும் விழுந்தான். இருவரும் மனம் கசந்தார்கள். பேதுரு அழுதுகொண்டே மற்ற சீஷர்களோடு இருந்தான், யூதாஸ் தனியாகப் போனான். அதனால் "இரட்சிக்கப்பட்டவன்தானா" என்ற அவன் கேள்விக்கு அன்று காலைதான் நான் பதில் சொன்னேன்: "விழுந்ததும் எந்தப் பக்கம் ஓடினாய் என்று பாருப்பா. அதுதான் பதில்."

தீத்து நிருபத்தில் பவுல், தேவகிருபை நமக்குப் போதிக்கிறது என்று எழுதுகிறார். உலக இச்சைகளை வெறுக்கக் கற்றுக்கொடுப்பது அந்தக் கிருபையாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடித்து "அ" எழுதவைத்தவளுக்கு அந்த வார்த்தை மிகவும் பிடிக்கும். கிருபை மன்னித்து அனுப்பிவிடுகிற நீதிபதி மட்டும் அல்ல, கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற டீச்சர். சுழி தப்பினால் அழித்துவிட்டு மறுபடியும் எழுதச் சொல்லும். ஒரே நாளில் எழுத வந்துவிடாது. பவுலே ரோமர் 7-இல், விரும்புகிற நன்மையைச் செய்ய முடியவில்லையே என்று புலம்புகிறார். ஆனால் சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்குத்தான் எழுத்து வராமலே போகும்.

ஆகையால் இந்த லெந்து நாட்களில் எதை விட்டீர்களோ, அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறீர்கள் என்றும் முடிவு செய்யுங்கள். கறியை விட்டவர்கள் அந்தக் காசை யாருக்குக் கொடுப்பது என்று பாருங்கள். முகநூலை விட்ட நேரத்தில், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். நம் உறவினர்களில் யார் யாருக்கு இதைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

மனசில் ஏதாவது பாரம் இருந்தால் இங்கே கீழே எழுத வேண்டாம், எல்லாரும் பார்ப்பார்கள். போன் பண்ணுங்கள். பழைய நம்பர்தான். பதினொரு மணியானாலும் எடுப்பேன்.

அந்தத் தம்பிக்காகவும், அவன் மனைவி பிள்ளைகளுக்காகவும் பெயர் தெரியாமலே ஜெபித்துக்கொள்ளுங்கள். எனக்காகவும் ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்