கரகரப்பு போயிடுச்சு காகா!

பூனாவுல வளர்ற நம்ம பிள்ளைங்க பேசற மராத்தி கலந்த தமிழைப் பத்தி நிறைய புலம்பியாச்சு. இன்னிக்கு அவங்க கேக்கற சத்தத்தைப் பத்திக் கொஞ்சம். சத்தம்னு சொன்னா என் பையனுக்குக் கோவம் வரும். மெட்டல்னு சொல்லணுமாம்.

பையன் இங்கே இன்ஜினியரிங் மூணாவது வருஷம். நாலு பேரோட சேர்ந்து பேண்டு வச்சிருக்கான். இவன்தான் பாடகன் (அதாவது உறுமறவன்). ஞாயித்துக்கிழமை ஆனா மொத்த கோஷ்டியும் நம்ம வீட்டுலதான். தங்கமணி ஊத்தற ஊத்தப்பத்துக்கு அவங்க பரம ரசிகர்கள். என்னை "காகா"ன்னு கூப்பிடுவாங்க. மராத்தியில சித்தப்பா, பெரியப்பா மாதிரி. நம்ம காதுக்குத்தான் வேற மாதிரி விழும் :-)

ஊத்தப்பம் உள்ள போனதும் சண்டை ஆரம்பிச்சிடும். எல்லாம் பிளடிவுட் பத்தித்தான். தெரியாதவங்களுக்கு: டெல்லிக்காரப் பசங்க. 2016-ல சினிமாப் பாட்டை மெட்டலா மாத்தி யூடியூப்ல கிண்டலாப் போட ஆரம்பிச்சாங்க. 2019-ல ஜெர்மனியில வாக்கன் மேடை வரைக்கும் போயிட்டாங்க. கரண் கத்தியார் கிதார், புல்லாங்குழல், ஒலி வேலை எல்லாம் பாத்துக்கறார். ஜெயந்த் பதுலா உறுமுவார், பாடவும் செய்வார். ராவுல் கெர் இங்கிலீஷ்ல ராப். கூடவே பஞ்சாபி டோல். 2022-ல 'ரக்‌ஷக்'னு முதல் சொந்த ஆல்பம், கம்பெனி எதுவும் இல்லாம தாங்களே வெளியிட்டது. 2025 மார்ச்சுல ஃபியர்லெஸ் ரெக்கார்ட்ஸ் மூலமா 'நு டெல்லி'. அதுல எட்டே பாட்டு. ஒண்ணுல ஜப்பான் பேபிமெட்டல் பொண்ணுங்களும் பாடியிருக்காங்க.

சாத்தாராக்காரப் பையன் கட்சி இது: "கரகரப்பு போயிடுச்சு காகா! முன்னாடி தொண்டை கிழியறது கேக்கும். இப்ப எல்லாம் பாலீஷ் போட்ட கிரானைட் மாதிரி இருக்கு." நாக்பூர்க்காரன் விடமாட்டான்: "காசு இல்லாதப்ப வந்த கரகரப்பை ஸ்டைல்னு சொல்லாதே. இப்ப ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்குது, அது குத்தமா?" என் பையன் ரெண்டு பக்கமும் தலையாட்டுவான். அரசியல்வாதி ஆயிடுவானோன்னு பயமா இருக்கு.

இந்தச் சண்டை இவங்க கண்டுபிடிச்சது இல்லை. மெட்டாலிகா 1991-ல பாப் ராக்கைத் தயாரிப்பாளரா வச்சுக் கறுப்பு அட்டை ஆல்பம் போட்டப்பவே பழைய ரசிகர்கள் "வித்துட்டாங்க"ன்னு குதிச்சாங்க. அதுதான் அவங்க ஆல்பங்கள்லயே அதிகமா வித்தது. அந்தச் சமயத்துல ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்குத் தொண்டை கெட்டுப் போய், முறையா வாத்தியார்கிட்ட பாட்டுப் பயிற்சி எடுத்தாரு. ஸ்வீடன் ஓபெத்தை எடுத்துக்கோங்க. 2011-ல உறுமலையே விட்டுட்டாங்க. பாதி ரசிகர்களுக்கு மனசு ஒடிஞ்சு போச்சு. 2024 ஆல்பத்துல உறுமல் திரும்பி வந்தப்ப ஏதோ காணாமப் போன பிள்ளை வீடு திரும்பின மாதிரி கொண்டாடினாங்க.

சரி, பாலீஷ்னா என்னதான் பண்றாங்கன்னு பையன்கிட்ட உக்காந்து கேட்டேன். ஒரே வரியைப் பத்து, இருபது தடவை பாடி, நல்லா வந்த துண்டுகளை மட்டும் ஒட்டுவாங்களாம். மூச்சு வாங்கற சத்தத்தைக் குறைப்பாங்க. மெதுவா பாடினதையும் கத்தினதையும் ஏறக்குறைய ஒரே உசரத்துக்குக் கொண்டு வந்துடுவாங்க. சுருதி தப்பினா இழுத்துச் சரி பண்ண ஆட்டோடியூன் இருக்கு. 1997-ல அதைக் கொண்டு வந்த ஆண்டி ஹில்டபிராண்ட், அதுக்கு முன்னாடி எண்ணெய் தேடறதுக்காக நிலத்தடி அதிர்வுகளை அலசிக்கிட்டு இருந்தவர். வேடிக்கை என்னன்னா, உறுமலை அதுல போட்டு ஒண்ணும் பண்ண முடியாது. தெளிவான சுருதி இருந்தாத்தானே திருத்த? அதனால அதை ரெண்டு மூணு அடுக்காப் பதிவு பண்ணி மேல மேல வச்சு கனமாக்குவாங்க. பாட்டா வர்ற இடத்துலதான் இஸ்திரி பலமா விழும்.

நம்ம பக்கமும் இதே கதைதான். அந்தக் காலத்துல சினிமாப் பாட்டுக்குப் பாடகரும் மொத்த வாத்திய கோஷ்டியும் ஒண்ணா உக்காந்து ஒரே மூச்சுல பதிவு பண்ணணும். ஒருத்தர் தப்பு விட்டாலும் முதல்லேர்ந்து. அப்புறம் தனித்தனி டிராக் வந்தது, வரி வரியாப் பாடி ஒட்டறது வந்தது. கர்நாடக சங்கீதக் கமகத்தை ஆட்டோடியூன்ல வேகமா வச்சு ஓட்டினா, வளைஞ்சு போற இடமெல்லாம் மாடிப்படி மாதிரி ஆயிடும். பூனாக்காரங்களுக்கு இது சொல்லாமலே புரியும். 1953-லேர்ந்து சவாய் கந்தர்வ விழா நடத்தற ஊர். பீம்சேன் ஜோஷி 'தான்' எடுக்கறப்ப வர்ற அந்த முரட்டு அழுத்தத்தை யாராவது தேய்ச்சு வழுவழுன்னு ஆக்கினா ஊரே அடிக்க வரும்.

இதெல்லாம் பேசறதுக்கு நல்லாத்தான் இருந்தது. போன மாசம் விவகாரம் எங்க வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சு.

பசங்க முதல் பாட்டைப் பதிவு பண்றாங்க. ஆரம்பத்துல என் அம்மா பாடற தாலாட்டு வரணும்னு பையனுக்கு ஆசை. அம்மா கோவில்பட்டியில இருக்காங்க, வயசு 78. போன்லயே பாடச் சொல்லிப் பதிவு பண்ணிட்டான். நாக்பூர்க்காரன் லேப்டாப்புல அதைப் போட்டு சுருதியை நேராக்கினான். கேட்டோம். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு அம்மா தாலாட்டுப் பாடின மாதிரி இருந்தது. அம்மா குரல் நடுங்கற இடம், "கண்ணே"ல ஒரு இழுப்பு, மூச்சு போதாம நடுவுல நிறுத்தி எடுக்கறது எல்லாமே காணோம். பூனாவுலேயே பொறந்து வளர்ந்த என் பையனுக்கு எங்க ஊர்த் தமிழ்னா அந்தக் குரல் ஒண்ணுதான். லீவுக்குப் போறப்ப பத்து நாள், மத்தபடி போன். அவன் ஒண்ணுமே பேசலை. நாக்பூர்க்காரனே அவன் முகத்தைப் பாத்துட்டுப் பழையபடி மாத்திட்டான்.

அப்புறம் அவங்களே உக்காந்து ஒரு முடிவுக்கு வந்தாங்க. ஃபேன் சத்தம், போன் லைன் இரைச்சல் எல்லாத்தையும் எடுத்துடறது. ஆச்சியோட நடுக்கம், மூச்சு, இழுப்பு எதையும் தொடறதில்லை. எனக்கு இது ரொம்ப நியாயமாப் பட்டது. கருவியும் அறையும் போட்ட அழுக்கைத் துடைக்கலாம், ஆள் போட்ட ரேகையைத் துடைக்கக் கூடாது. 'நு டெல்லி'யில எதைத் துடைச்சிருக்காங்கன்னு கேட்டேன். மறுபடி ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பிச்சிட்டாங்க. தங்கமணி ரெண்டாவது ரவுண்டு மாவு கரைக்கப் போயிட்டா.

பாதி முடிஞ்ச பாட்டை அம்மாவுக்குப் போன்ல போட்டுக் காமிச்சோம். தாலாட்டு முடிஞ்சு பேரன் உறுமல் ஆரம்பிச்சதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "ஏய்யா, பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு போலுக்கே. சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டு காபி வச்சுக் குடுக்கச் சொல்லு."