மழைக் கொப்பி

யாழ்ப்பாணத்தில் நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், பாடசாலை முற்றத்து மழைமானியைக் கவனிக்கும் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. தினமும் காலை எட்டரை மணிக்கு நீரை அளந்து கொப்பியில் பதிவோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்களோடு நாமும் வெளியேறினோம். அடையாள அட்டை எம்மோடு வந்தது, கொப்பி வரவில்லை. அந்தக் குறை எம்மை விட்டு அகலவில்லை.

அண்மையில், மேற்குச் சிட்னியிலுள்ள எமது வீட்டுக்குக் கணினியோடு இணையும் வானிலைக் கருவியொன்று வாங்க முற்பட்டோம். "வானொலியில சொல்லுகினம்தானே, பிறகேன் அப்பா?" என்றாள் மகள். நியாயமான கேள்விதான். ஆனால் நகரத்தின் வெப்பநிலை எமது முற்றத்தின் வெப்பநிலை அன்று. கரையோரத்தைத் தணிக்கும் கடற்காற்று, மேற்கே வந்து சேருமுன் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பென்றித்தில், 2020 ஜனவரி 4ஆம் திகதி 48.9 பாகை செல்சியஸ் பதிவாகியது.

கலைப் பட்டதாரியாகிய எமக்குக் கருவி நுட்பம் புதிது. எனினும் தேடி அறிந்தவை வாசகருக்கும் பயன்படக்கூடும். விலையைவிடக் கருவியை வைக்கும் இடமே முக்கியம். வெப்பமானிக்கு வெயில் படாத, காற்றோட்டமுள்ள கவசம் வேண்டும். அது நிலத்திலிருந்து ஏறத்தாழ 1.2 மீற்றர் உயரத்தில், சுவருக்கும் சீமெந்துத் தரைக்கும் விலகி நிற்கவேண்டும். காற்றுமானியோ உயரத்தில், தடையற்ற வெளியில் இருக்கவேண்டும். ஆகவே, எல்லாவற்றையும் ஒரே கம்பத்தில் பொருத்திய கருவி ஏதேனும் ஓர் அளவையில் குறைவைக்கும். மழைமானியினுள் சிறு வாளியொன்று நிறைந்து கவிழும்; பல கருவிகளில் ஒரு கவிழ்வு 0.2 மில்லிமீற்றர். சருகும் சிலந்தி வலையும் அடைத்தால் கணக்குப் பிழைக்கும்.

ஆயினும் எமது தெரிவைத் தீர்மானித்தது வேறொன்று. சில கருவிகள் பதிவுகளை விற்ற நிறுவனத்தின் சேவைக்கு மட்டுமே அனுப்புகின்றன. அந்தச் சேவை நின்றால் பதிவுகளும் போய்விடும். எனவே, இணையம் இல்லாதபோதும் பதிவுகளைத் தன்னுள் வைத்திருந்து, எமது சொந்தக் கணினிக்கு மாற்றித்தரும் கருவியையே தெரிந்தோம். அவற்றைச் சேமித்துவைக்க வீவெக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. ஒரு பிரதி மெல்பேர்ணில் வசிக்கும் மகளிடம் இருக்கிறது.

இந்நாட்டில் மழைக் கணக்கு காலை ஒன்பது மணிக்கு எடுக்கப்படுகிறது. கருவி பொருத்திய பின் பெய்த முதல் மழை 3.4 மில்லிமீற்றர். கணினி அதைத் தானே பதிந்துகொண்டது. இருந்தும், கடையில் ஒரு கொப்பி வாங்கி, திகதியிட்டு, நாமும் எழுதிவைத்தோம்.